தாம்பரத்து ஏரிகளும் ஒரு முழத் தூண்டில் நரம்பும்

தாம்பரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு மின்சார ரயில்தான் ஞாபகம் வரும். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓட ஆரம்பித்த ரயில் அது. கொஞ்சம் வயதானவர்களுக்கு 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் நினைவுக்கு வரும். ஒரு ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதே! கல்யாணமாகி இந்தப் பக்கம் குடிவந்த என்னைப் போன்றவர்களைக் கேட்டால், "ஏரி" என்றுதான் சொல்வோம். எந்தப் பக்கம் வீடு பார்த்தாலும் பத்து நிமிஷ நடையில் ஓர் ஏரிக்கரை வந்துவிடும்.

இந்த ஏரிகளின் உறவு முறையைத் தெரிந்துகொண்டால் சுவாரசியமாக இருக்கும். தண்டவாளத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகள் நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். அக்காள் பாவாடை தங்கைக்கு வருகிற மாதிரி, மேல் ஏரியின் மிச்சம் கீழ் ஏரிக்கு. மேற்கே இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீருக்கு வழி வேறு. அது அடையாற்றைத் தேடிப் போகும். 2015 டிசம்பரில் அந்த அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்ததை இங்குள்ளவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள்.

பாவாடை மட்டுமா வருகிறது? அதில் உள்ள கறையும் சேர்ந்துதான் வருகிறது. மேல் ஏரியில் விழுந்த சாக்கடையும் குப்பையும் கீழ் ஏரி மீனின் வயிற்றுக்குள் போகும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால், கரையோரம் பையன்கள் வரிசையாகத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிடித்த மீன் நேரே நம் அடுப்படிக்கு வருகிறது.

"தூண்டில் எல்லாம் ஆம்பிளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். பையனுக்குத் தூண்டில் வாங்கக் காசு கொடுப்பது யார்? முள் விரலில் ஏறினால் கட்டுப் போடுவது யார்? ராத்திரி எட்டு மணிக்கு அவன் கொண்டு வந்து போடுகிற நாலு ஜிலேபி மீனை உட்கார்ந்து ஆய்வது யார்? அப்புறம் இது எப்படி நமக்கில்லாத சமாச்சாரம் ஆகும்!

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் மகன், லீவுக்கு வந்தபோது என் பிள்ளைக்கென்று ஒரு தூண்டில் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு பூசணிப் பிஞ்சு அளவுக்கு ரீல், வழவழவென்று கறுப்புக் கோல், கரண்டி மாதிரி மினுமினுக்கும் பொய் இரைகள், பல நிறத்தில் சாயம் போட்ட நூல். "இது ட்ரோலிங் செட், அத்தை" என்றான். அதாவது, படகை மெள்ள ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவது. பொய் இரை நீந்தும் மீன் போலத் தெரியும்; பெரிய மீன் துரத்தி வந்து கவ்வும். நம் கடற்கரையிலும் வஞ்சிரம், சூரை பிடிக்கிறவர்கள் இதே முறையில் படகின் பின்னே தூண்டில் இழுப்பது உண்டு. பல்லால் நறுக்கிவிடும் சீலா மாதிரி மீனுக்கு, முள்ளை ஒட்டி ஒரு சாண் கம்பி வைத்துக் கட்டுவார்கள்.

அந்தச் சாய நூலைப் பற்றி அவன் சொன்னதும்தான் எனக்குக் காது நிமிர்ந்தது. நூலுக்குள்ளே மெல்லிய ஈயக் கம்பி ஓடுகிறதாம். வெயில் காலத்தில் அங்கே மீன்கள் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போய்விடும். பொய் இரையை அவ்வளவு ஆழத்துக்கு இறக்கத்தான் ஈயம். பத்து கஜத்துக்கு ஒருமுறை நூலின் நிறம் மாறும். எத்தனை நிறம் போயிற்று என்று எண்ணி, எவ்வளவு விட்டோம் என்று கணக்குப் பார்ப்பார்களாம். நல்ல கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மிச்சிகன் ஏரியின் ஆழமான இடம் 900 அடிக்கு மேல். நம் பக்கத்துப் பெரிய ஏரியான செம்பரம்பாக்கமே தளும்பத் தளும்ப நிறைந்தால் 24 அடி!

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் தூண்டில் போடும் ஒரு பெரியவரிடம் அந்தப் பெட்டியைக் காட்டினோம். ரீலை உருட்டிப் பார்த்தார், சிரித்தார். "யம்மா, இத்த எதுக்கு நம்ம ஏரிக்கு? இடுப்பளவு தண்ணில கப்பல் உடப் போறானா புள்ள? ஒரு மூங்கிக் கழி, ஒரு கழி நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள்ளு. அவ்ளோதான்" என்றார். அவரிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நரம்பு. கடையில் "நைலான் நரம்பு" என்று கேட்டால் தருவார்கள். தங்கூசி என்றும் சொல்வதுண்டு. நைலான் வந்ததே 1930-களின் கடைசியில்தான். அதற்கு முன்னால் பருத்தி நூல், பட்டு நூல்தான். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர், இந்தியாவில் குளத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887-ல் ஒரு தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் நூல் அறுந்து ஏரியில் விழுந்தால் கொஞ்ச நாளில் மக்கிப்போகும். நைலான் அப்படி இல்லை. நாம் விட்டுவிட்டு வந்தால், நம் பேரன் பேத்திக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

நரம்பு வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். உருளையின் மேல் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 0.20 என்றால் சுமாராக 3 கிலோ தாங்கும், 0.25 என்றால் 4, 5 கிலோ; 0.30 என்றால் 6, 7 கிலோ, 0.40 என்றால் 10 கிலோ. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 0.20, 0.25 போதும். "தடியா இருந்தா நல்லதுதானே?" என்று நானும் கேட்டேன். தடித்த நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியும், தக்கை சரியாக ஆடாது. அதோடு, பாசியில் மாட்டிக்கொண்டால் அறுகவும் செய்யாது. பையன் அதை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குவான். மெல்லிய நரம்பு அறுந்தால் ஒரு முள்தான் நஷ்டம். ஒரு தாயாக எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

பின்னல் நரம்பு என்று ஒன்று இப்போது எங்கும் கிடைக்கிறது. தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கும், இழுவையோ பிரமாதம். துளியும் நீளாது. அதுதான் ஆபத்தும், வேகமாக ஓடும்போது சின்ன விரலைக் கத்தி போல அறுத்துவிடும். ஆகாயத் தாமரைக்கும் அல்லிக்கும் நடுவே விரால் பிடிக்கிற பெரியவர்களுக்கு அது தேவைப்படலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஃப்ளோரோகார்பன் என்று இன்னொரு ரகம், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்பார்கள். விலையும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் வாங்கலாம்!

பழைய நரம்பா? ஒரு முழம் எடுத்து நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு வெடுக்கென்று இழுங்கள். சற்று நீண்டு கொடுத்தால் நல்லது. பட்டென்று முறிந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் நரம்பை மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோ வைக்கக்கூடாது. தையல் மிஷின் பாபின் மாதிரி சுற்றி, இருட்டான டப்பாவில் போட்டு வையுங்கள்.

முடிச்சு நம் கைக்கு மிகச் சுலபம். நரம்பை முள்ளின் காதில் நுழையுங்கள். நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று முறுக்குங்கள். காதுக்குப் பக்கத்தில் முதலில் உண்டான வளையத்துக்குள் நுனியை விட்டு இழுங்கள். இறுக்கும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டிலேயே நைலான் பலம் குறைந்துவிடும். பூக்கட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு விஷயமா?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு ரீலே வேண்டாம் என்பது என் கட்சி. மூங்கில் கழி, கழி நீளத்துக்கு நரம்பு. தக்கைக்கு நெட்டித் துண்டோ மயில் இறகுத் தண்டோ போதும். முள்ளின் நம்பர் பெரிதானால் முள் சின்னது; 10, 12 வாங்கினால் கெண்டைக்குச் சரி. வாங்கியதும் முள்ளின் உள்பக்கத்துச் சிறு கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும். விரலில் ஏறினால் ஆனால் வந்த வழியே வந்துவிடும். கொக்கி உள்ள முள் ஆழமாக ஏறிவிட்டால் வீட்டில் பிடுங்கிப் பார்க்காமல் டாக்டரிடம் போய், தடுப்பு ஊசிக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் தொடவே கூடாது. கார்பன் கோல் வாங்கித் தந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அதில் மின்சாரம் பாயும். கரண்ட் கம்பி போகும் இடத்தில் அதை உயர்த்தவே கூடாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்: ஈயக் குண்டு. நரம்பு தண்ணீரில் இறங்க, மிளகு அளவிலோ கடலை அளவிலோ பிளந்த ஈயக் குண்டை நரம்பில் வைத்து நசுக்குவார்கள். எதால் நசுக்குகிறார்கள் தெரியுமா? பல்லால்! ஏரிக்கரையில் பத்துப் பையன்களைப் பார்த்தால் நாலு பேர் பல்லால்தான் கடிக்கிறார்கள். பிறகு அதே கையால் முறுக்கு தின்கிறார்கள்.

ஈயம் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும் விஷம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு இழுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கைச் சின்னக் குழந்தைகள் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே இதில் கிடையாது. உடனே வாந்தி பேதி வந்தால் கண்டுபிடித்துவிடலாம்; இது அப்படி வராது. பாடத்தில் மனம் நிற்காமல் போவது, காரணமில்லாத சோகை, வயிற்று வலி என்று மெல்ல மெல்லத் தெரியும். சின்னக் குண்டைக் குழந்தை விழுங்கிவிட்டால், "தானா வெளியே வந்துடும்" என்று சும்மா இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கர்ப்பிணிகளும் ஈயத்தைக் கையாளக் கூடாது. சிலர் பழைய ஈயத்தைக் கரண்டியில் வைத்து அடுப்பில் உருக்கிக் குண்டு செய்கிறார்களே, அந்தப் புகை இருக்கும் வீட்டில் குழந்தை ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது.

இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இப்படி ஏரியில் விழுந்த குண்டுகளை விழுங்கிச் சாவதைப் பார்த்து, 1987-ல் சாதாரண அளவு ஈயக் குண்டுகளையே தடை செய்துவிட்டார்கள். நமக்குத் தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்ன இரும்பு நட்டு ஒன்றைக் கோத்துக் கட்டினால் அதே வேலை நடக்கும். எங்கள் வீட்டில் நட்டுதான். அந்த ஈய நூல் உருளையை மூடி போட்டு, நாத்தனார் மகனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவனும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டிப் பொய் இரை மட்டும் எங்கள் கொலுவில் ஒரு சின்னக் குளத்தில் நீந்துகிறது.

மீனுக்கு வருவோம். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் நம் மண்ணின் மீன்கள். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது எந்த ஏரியில் தூண்டில் போட்டாலும் முதலில் அதுதான் வருகிறது. மண்புழுவோ மைதா மாவு உருண்டையோ போதும். விரால் பிடிப்பவர்கள் ரப்பர் தவளையைப் பாசி மேல் வீசி, தத்தித் தத்தி இழுக்கிறார்கள். நாத்தனார் மகன் படகில் இழுத்ததை இவர்கள் கரையில் நின்றே இழுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் மேல் சிவப்புக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டிருந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். பெற்ற விரால் கீழே காவல் இருக்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. தேளி மாட்டினால் கையால் பிடிக்க விடாதீர்கள், அதன் முள் கொட்டும். கொட்டிவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும், பிறகு டாக்டர். மீசையும் தட்டைத் தலையுமாக வரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் அதை மறுபடி ஏரியில் விடாமல் இருப்பதே நல்லது.

விரால் குழம்பு உடம்பு தேற நல்லது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மலேசியாவிலும் இதே மீனை ஹாருவான் என்று சொல்லி, பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் பிறகு சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் எந்த ஏரி விரால் என்று கேட்டுவிட்டுத்தான் குழம்பு வைக்க வேண்டும். சாக்கடைக் கிருமியை நன்றாக வேகவைத்துக் கொன்றுவிடலாம். செவுளையும் குடலையும் கழித்துவிடலாம். ஆனால் தொழிற்சாலைக் கழிவிலிருந்தும் குப்பை மேட்டிலிருந்தும் வரும் ஈயம், பாதரசம் போன்றவை எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. மிச்சிகனில் எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று சுகாதாரத் துறையே கையேடு போடுகிறது. நம் ஏரிக்கரைகளில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. ஆகவே என் வீட்டு வழக்கம் இது: கரையில் குப்பை மேடு இருந்தாலோ, தண்ணீர் நுரைத்தாலோ, நாறினாலோ, மீன் செத்து மிதந்தாலோ, அங்கே பிடித்த மீன் திரும்பத் தண்ணீருக்கே. பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரோடு இரண்டாக வெட்டிப் போட்டதையும், அங்கே கொட்டிய குப்பையையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நகர ஏரி மீனைவிடக் கடல் நெத்திலியும் மத்தியும் எவ்வளவோ மேல்.

மனது விட்டுப்போகத் தேவையில்லை. சிட்லப்பாக்கத்தில் 2019 கோடையில் ஏரி வறண்டபோது, குடியிருப்பவர்களே மண்வெட்டி, கூடையோடு இறங்கித் தூர் வாரினார்கள். அந்த வருஷமே அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. செம்பாக்கம் ஏரியிலும் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து சீரமைப்பு வேலை செய்திருக்கின்றன. பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அங்கேயும், வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரியிலும் தூண்டில் பேச்சே எடுக்கக்கூடாது. அவை பறவைகளின் வீடு. மற்ற ஏரிகளிலும் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் இருப்பார்கள். "பையன் ஒரு மணி நேரம் தூண்டில் போடலாமாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

பறவை என்றதும் மறுபடி நரம்புக்கே வர வேண்டியிருக்கிறது. கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் மீன் தேடி இந்த ஏரிகளுக்கு வருகின்றன. அறுந்த நைலான் நரம்பு காலில் சுற்றினால் அவற்றால் அவிழ்க்க முடியாது. பறக்கப் பறக்க இறுகும். மரக்கிளையில் சிக்கினால் அங்கேயே தொங்கிச் சாகும். ஆகவே கழிக்கும் நரம்பை ஒரு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் சேருங்கள். எரிக்க வேண்டாம். மாடம்பாக்கத்துப் பெரியவர் கிளம்பும்போது தன் நரம்பைக் கழியோடு ஒட்டி வைத்து நீளம் பார்ப்பார். ஒரு முழம் குறைந்தாலும் தேடாமல் போகமாட்டார். "இத்த உட்டுட்டுப் போனா கொக்கு காலு போய்டும்மா" என்பார்.

போக நினைக்கிறவர்களுக்கு: மாடம்பாக்கத்துக்குக் கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது. தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. காலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். ஏரிக்குள் கிணறு வெட்டி அக்கம்பக்கத்துக்குக் குடிநீர் எடுத்திருக்கிறார்கள், அதனால் கரையில் எதையும் போடாதீர்கள். மண் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. ஓரடித் தண்ணீர் என்று வைத்த கால் திடீரென்று ஆளை முழுங்கும். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை மூடி போட்டு இறுக்கி, பத்துப் பதினைந்து முழக் கயிற்றில் கட்டி எடுத்துப் போங்கள். யாராவது விழுந்தால் கரையிலிருந்தே வீசலாம். காலில் புண் இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான். சோப்பும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் மறக்காமல் பையில் இருக்கட்டும். புளியோதரையைப் பிரிக்கும் முன் எல்லோரும் கை கழுவ வேண்டும், நரம்பைத் தொட்ட அப்பாவும்தான்.